நரை ஓகே... ஆனா 'ஸ்டைலா' இருக்கணுமா? - குட்டை முடி, வெள்ளை ஹைலைட், வீட்டு பிளீச்!

"என்ன, இந்த மாசம் டை அடிக்கலையா?"

ஆபீஸிலோ, கல்யாண வீட்டிலோ, லிஃப்டில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரரிடமோ இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாத 40 ப்ளஸ் பெண்கள் குறைவு. இதுக்கு இப்போ புதுசா ஒரு பதில் வந்திருக்கு. "டை இல்லைங்க, இது ஹைலைட்!"

சோஷியல் மீடியாவில் கொஞ்ச நாளாகக் கண்ணில் படும் ஒரு ஸ்டைல் இது. கழுத்தைத் தொடாத குட்டை முடி, அதில் பாதி நரை, அந்த நரைக்கு நடுவே இன்னும் பளிச்சென்று சில வெள்ளைக் கீற்றுகள். 'கிரே பிளெண்டிங்' என்கிறார்கள். நரையை மறைப்பதற்குப் பதிலாக, மீதமிருக்கும் கறுப்பு முடியில் சில இழைகளை வெளுத்து, நரையோடு நரையாகக் கலந்துவிடுவது. பார்லரில் செய்தால் காசும் நேரமும் எக்கச்சக்கம் என்பதால், பிளீச் பவுடர் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் வீடியோக்களும் வரிசைகட்டுகின்றன.

காலங்காலமாக வெள்ளையைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்த வீட்டில், இப்போது கறுப்பை வெள்ளையாக்க ஒரு கிண்ணம் கலக்கப்படுகிறது. ஏன்?

நேரடிக் காரணம் ரொம்ப எளிது. டை அடிப்பதை ஒருவர் திடீரென்று நிறுத்தினால் முடி ஒரேயடியாக வெள்ளையாகிவிடாது. வேரிலிருந்து மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நரை வளரும், அதற்குக் கீழே பழைய டை கறுப்பாக நிற்கும். பார்டர் வைத்த சேலை மாதிரி நடு மண்டையில் ஒரு கோடு. இடுப்பு வரை கூந்தல் இருப்பவர் டை முழுவதும் வளர்ந்து வெளியேற வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாய்கட் வைத்திருப்பவருக்கு ஆறேழு மாதம் போதும். அந்த ஆறேழு மாதத்தையும் கோடு தெரியாமல் கடக்கத்தான் வெள்ளை ஹைலைட். குட்டை முடியும் வெள்ளைக் கீற்றும் சேர்ந்தே வருவதற்கு இதுதான் காரணம்.

ஆனால், அந்தக் கோட்டைப் பார்த்து நாம் ஏன் சங்கடப்படுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. கோடு தெரிந்தால், "தன்னைக் கவனிச்சுக்காம விட்டுட்டாங்க" என்று அர்த்தம். அதே நரையை ஹைலைட் போட்டு, முடியை வெட்டி, செட் பண்ணிக்கொண்டு வந்தால், "போல்டான லேடி" என்று அர்த்தம். முடி ஒன்றுதான். 'இது நானா எடுத்த முடிவு' என்பதற்கு ஓர் அத்தாட்சி தேவைப்படுகிறது, அவ்வளவுதான். வெள்ளை ஹைலைட் அந்த அத்தாட்சி. பெண்ணின் நரையை உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று கொண்டாடும்போது, இந்த நிபந்தனையைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

வேலையையே அசைத்த நரை

இது வெறும் அழகு விஷயம் இல்லை, சோறு போடும் விஷயமும்கூட என்று உலகத்துக்குக் காட்டியது கனடாவில் நடந்த சம்பவம். சிடிவி தொலைக்காட்சியின் தலைமைச் செய்தி வாசிப்பாளர் லிசா லாஃப்லாம். 35 ஆண்டுகள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கொரோனா லாக்டவுனில் சலூன்கள் மூடப்பட்டபோது டை அடிப்பதை நிறுத்தி, நரையோடே கேமரா முன்பு உட்கார்ந்தார். 2022 ஆகஸ்டில் ஒரு வீடியோ வெளியிட்டார். நிறுவனம் தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது என்பதுதான் செய்தி. அப்போது அவருக்கு 58 வயது.

அவருடைய முடியை நரைக்கவிட யார் ஒப்புக்கொண்டது என்று உயரதிகாரி ஒருவர் கேட்டதாக 'தி குளோப் அண்ட் மெயில்' நாளிதழ் எழுத, பற்றிக்கொண்டது விவகாரம். வயதோ, நரையோ, அவர் பெண் என்பதோ காரணமே இல்லை என்று நிறுவனத் தரப்பு மறுத்தது. மக்கள் நம்பவில்லை. காரணம், அதே நாற்காலியில் அவருக்கு முன்பு இருந்த லாயிட் ராபர்ட்சன் என்ற ஆண், 77 வயது வரை செய்தி வாசித்துவிட்டு மரியாதையாக ஓய்வு பெற்றவர்!

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். டவ் நிறுவனத்தின் கனடா பிரிவு தன் லோகோவைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றியது. வென்டிஸ் என்ற பர்கர் கம்பெனி, தன் சின்னமான சிவப்பு முடிச் சிறுமிக்கு நரை போட்டுவிட்டது. ஒரு பெண்ணின் வேலை பறிபோன கதை, சில நாள்களில் சோப்புக்கும் பர்கருக்கும் விளம்பரமாகிவிட்டது. லாஃப்லாம் மட்டும் அசரவில்லை. 2023 மே மாதம், மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழா ஒளிபரப்புக்காக வேறொரு சேனலில், அதே நரையோடு திரும்ப வந்தார்.

"அது கனடா கதை, நமக்கென்ன?" என்று நகர வேண்டாம். 2022 நவம்பரில் ஏர் இந்தியாவின் விமானப் பணியாளர்களுக்கான புதிய தோற்ற விதிகள் குறித்த செய்திகள் இங்கே வந்தன. நரை தெரியக் கூடாது, இயற்கையான நிறத்தில் தவறாமல் கலர் செய்துகொள்ள வேண்டும், மருதாணி கலரும் ஃபேஷன் கலரும் கூடாது என்பது அதன் சாரம். ஆண்களுக்கும் இதில் கட்டுப்பாடுகள் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், பெண்ணுக்கு இது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஜவுளிக்கடை கவுன்ட்டரிலும், ஹோட்டல் ரிசப்ஷனிலும், டீச்சர்ஸ் ரூமிலும் 'பார்க்க நீட்டா வாங்க' என்ற மூன்று வார்த்தைகளுக்குள் டை பாக்கெட் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது.

அஜித்துக்கு மாஸ், ஹீரோயினுக்கு?

தமிழ்நாட்டுக்கு 'சால்ட் அண்ட் பெப்பர்' என்ற வார்த்தையைச் சரளமாக்கியது 'மங்காத்தா'. 2011-ல் அஜித்துக்கு அது 50-வது படம், அவருக்கு அப்போது 40 வயது. ஹீரோ என்றால் கறுப்பு முடி என்றிருந்த வழக்கத்தை அவர் உடைத்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. 'கபாலி' ரஜினி, 'விக்ரம்' கமல் என்று நரைத்த தாடிக்கு இங்கே தனி மாஸ் உண்டு.

அந்தப் படங்களின் கதாநாயகிகளில் நரையோடு வந்து விசில் வாங்கியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நம் சினிமாவில் பெண்ணுக்கு நரை வந்தால், அடுத்த காட்சியில் அவர் அம்மா ஆகிவிடுவார். காதோரம் பவுடர் தூவிய மாதிரி இரண்டு வெள்ளைக் கோடு போட்டு, கையில் ஒரு காபி டம்ளர் கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கு புதுசும் இல்லை. சோழன் கரிகாலனைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு, பழமொழி நானூறு அதைக் குறிப்பிடுகிறது. வழக்கோடு வந்த முதியவர்கள், 'இந்தச் சின்னப் பையனா நமக்குத் தீர்ப்பு சொல்லப்போகிறான்' என்று தயங்க, கரிகாலன் நரைமுடி வைத்துக்கொண்டு முதியவராக வந்து தீர்ப்பு சொன்னானாம். இல்லாத நரையை ஒட்டவைத்துக்கொண்டு மரியாதை வாங்கியிருக்கிறான் ஓர் ஆண்! பெண்ணோ இருக்கிற நரையை மறைத்துத்தான் மரியாதையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. முன்நெற்றியில் ஒற்றை வெள்ளைப் பட்டையோடு நாட்டையே ஆண்டவர் இந்திரா காந்தி. இந்தியாவின் மிகப் பிரபலமான வெள்ளை ஹைலைட் அதுதான். 'வாரணம் ஆயிரம்' படத்தில் நடித்த சமீரா ரெட்டி, 2021-ல் தன் நரையைக் காட்டி இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். 'ஏன் இதை மறைக்காமல் இருக்கிறாய்' என்று தன் அப்பாவே கவலையோடு கேட்டதாகவும் அதில் எழுதியிருந்தார். கேள்வி வெளியாளிடமிருந்து வந்தால் உதறிவிடலாம், வீட்டுக்குள்ளிருந்து வரும்போதுதான் கஷ்டம்.

குட்டை முடிக்கும் இங்கே தனி வில்லங்கம் இருக்கிறது. 50 வயதுப் பெண் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தால், முதல் கேள்வி, "உடம்புக்கு ஏதும் முடியலையா?" இரண்டாவது, "திருப்பதியா, பழனியா?" இந்த இரண்டாவது கேள்வியில் ஒரு விஷயம் இருக்கிறது. சாமிக்கு முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்து, அதன்பிறகு வளரும் முடிக்கு டையே போடாமல் அப்படியே விட்டுவிட்ட அத்தைகளும் பெரியம்மாக்களும் நம் குடும்பங்களில் நிறைய. கோடும் இல்லை, விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை, கேள்வி கேட்பவர்களுக்குச் சாமி பதில் சொல்லிக்கொள்ளும். 'கிரே டிரான்சிஷன்' என்று இன்று ரீல்ஸில் சொல்லித்தருவதை மொட்டை போட்டு முடித்தவர்கள் அவர்கள்.

ஏழு மணி நேர 'இயற்கை'

நரைக்கு ஃபேஷன் அந்தஸ்து கொடுத்த இரண்டு காட்சிகளைச் சொல்லியாக வேண்டும். 2020 ஆஸ்கர் விழாவில் 82 வயது ஜேன் ஃபோண்டா குட்டை வெள்ளி முடியோடு மேடையேறினார். 2021 கான் விழாவில் ஆண்டி மெக்டவல் தன் சுருட்டை நரையை விரித்துவிட்டுச் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார். மெக்டவல் 1980-களிலிருந்து லோரியல் நிறுவனத்தின் விளம்பர முகம். லோரியல், 1909-ல் ஹேர் டை விற்பதற்காகவே பிறந்த கம்பெனி என்பது கூடுதல் தகவல்.

ஃபோண்டாவின் அந்த 'இயற்கையான' வெள்ளியை உருவாக்க, அவருடைய கலரிஸ்ட் ஜாக் மார்ட்டினுக்கு ஏழு மணி நேரம் ஆனது. பழைய கலரை பிளீச் செய்து எடுத்து, அதன்மேல் வெள்ளி நிறம் ஏற்றி... அனுபவசாலி ஒருவர், ஒரே ஒருவருக்காக, நாள் முழுக்க. நாம் போனில் பார்ப்பது அதன் 30 செகண்ட் வடிவம். அதை நம்பித்தான் பாத்ரூம் கண்ணாடி முன்பு கிண்ணத்தைக் கையில் எடுக்கிறார்கள்.

சரி, வீட்டிலேயே பண்ணலாமா?

பண்ணலாம். ஆனால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய நைட்டி, காதோரம் தேங்காய் எண்ணெய், பழைய டூத்பிரஷ் என்று நாம் பழகிய டை அடிக்கிற வேலை மாதிரி இது இல்லை. டை நிறத்தைச் சேர்க்கிறது. பிளீச் நிறத்தைப் பிடுங்குகிறது. முடியின் நிறமியான மெலனினை ஹைட்ரஜன் பெராக்சைடும், பவுடரில் இருக்கும் பெர்சல்ஃபேட் உப்புகளும் சேர்ந்து உடைக்கின்றன. உடைக்கும்போது முடியின் புரதத்தையும் சும்மா விடுவதில்லை.

நம் ஊர் முடிக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். அடர் கறுப்பு நேராக வெள்ளைக்குப் போகாது. சிவப்பு, செம்பட்டை, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாக இறங்கி, வாழைப்பழத் தோலின் உட்பக்கம் மாதிரி வெளிர்மஞ்சளுக்கு வர வேண்டும். அங்கேதான் நிறுத்த வேண்டும். அதன்மேல் ஊதா கலந்த டோனர் போட்டால்தான் மஞ்சள் அடங்கி வெள்ளையாகத் தெரியும். ஒரே நாளில் அவ்வளவு தூரம் இழுத்தால் முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துவிடும். பலருக்கு நடப்பது என்னவென்றால், ஆரஞ்சு நிலையில் பயந்துபோய்க் கழுவிவிடுகிறார்கள். வெள்ளைக் கீற்று கேட்ட இடத்தில் செம்பட்டைக் கீற்று!

பெராக்சைடு பாட்டிலில் 20, 30, 40 வால்யூம் என்று போட்டிருப்பார்கள். 20 என்றால் 6 சதவிகிதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. 'சீக்கிரம் வெளுக்கும்' என்று 40-ஐ எடுத்துவிடாதீர்கள். குட்டை முடியில் எந்த இடத்தில் தடவினாலும் தலைத்தோல் பக்கத்திலேயேதான் இருக்கும். 40 வால்யூம் தோலில் பட்டால் கொப்புளமே வரலாம். 20 போதும். மெதுவாகத்தான் வேலை செய்யும், அதுதான் நமக்கு வேண்டியதும். ஹேர் டிரையர் சூடு வேண்டாம், எவர்சில்வர் கிண்ணமும் வேண்டாம், பிளாஸ்டிக்கே எடுங்கள். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள், பிளீச் போடும் அன்று காலையில் வேண்டாம். தோலில் சுரந்திருக்கும் எண்ணெய்ப்பசை ஒரு சின்ன கவசம். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்தப் பவுடர் பக்கமே போகாமல் இருப்பது நல்லது, பெர்சல்ஃபேட் தூசு இழுப்பைத் தூண்டிவிடும்.

முக்கியமான கேள்வி, ஏற்கெனவே தலையில் என்ன இருக்கிறது என்பது. மருதாணியோடு அவுரிப் பொடி போட்டவர்களுக்கு பிளீச்சில் பச்சை எட்டிப்பார்க்கலாம். 'இயற்கை கறுப்பு ஹென்னா' என்று விற்கும் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் சூடாகி முடியையே பொசுக்கிவிடும். அதனால் காதுக்குப் பின்னால் மறைவான இடத்தில் சில இழைகளை வெட்டி எடுத்து, அதில் முதலில் போட்டுப் பாருங்கள். நாலு முடி போனால் யாருக்கும் தெரியாது.

தோல் சோதனையும் கட்டாயம். நிரந்தர டைகளிலும் சில டோனர்களிலும் இருக்கும் பி.பி.டி எனப்படும் பாராஃபினைலின்டையமின் சிலருக்குக் கடும் அலர்ஜியை உண்டாக்கும். முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு. இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டதே என்ற சமாதானம் செல்லாது, பல வருஷம் போட்ட பிறகும் ஒரு நாள் திடீரென்று வரும். இப்படியான டைகளின் பாக்கெட்டில் அலர்ஜி எச்சரிக்கையும், இமைக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையும் அச்சிட வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள். காதுக்குப் பின்னாலோ, முழங்கையின் உள்மடிப்பிலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால், நாளைக்கு ரிசப்ஷன் என்றால் இன்றைக்குத்தானே நமக்கு ஞாபகமே வருகிறது!

இனி கீற்றுகள். குட்டை முடிக்கு ஃபாயில் பேப்பர் நிற்காது. ஓட்டைகள் உள்ள ஹைலைட் தொப்பி ஆன்லைனில் கிடைக்கிறது. அதைத் தலையில் இறுக்கமாக மாட்டி, குரோஷா ஊசியால் ஓட்டை வழியாகச் சின்னச் சின்ன இழைகளை வெளியே இழுத்து, அவற்றுக்கு மட்டும் பிளீச் தடவ வேண்டும். தோலில் படாமல் இருக்க இதுதான் உத்தமம். இங்கே பலரும் செய்யும் தவறு, கையில் கிடைத்த இழையை எல்லாம் இழுப்பது. ஏற்கெனவே நரைத்த முடியில் எடுப்பதற்கு நிறமியே இல்லை. அதன்மேல் பிளீச் போட்டால் நிறம் மாறாது, வறண்டு துடைப்பம் மாதிரி ஆவது மட்டும்தான் மிச்சம். கறுப்பு இழைகளைப் பார்த்துப் பார்த்து எடுக்கணும். பின்மண்டையில் இதை நாமே செய்ய முடியாது, உதவிக்கு ஓர் ஆள் வேண்டும்.

முக்கால்வாசிக்கு மேல் நரைத்தவர்களுக்கு ஓர் உண்மை. உங்களுக்கு வெள்ளை ஹைலைட்டே தேவையில்லை. நல்ல சலூனில் ஒரு நல்ல கட் போதும். உங்கள் நரை வெள்ளையாக இல்லாமல் பழுப்பாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் போர் தண்ணியில் இருக்கும் இரும்பும், வெயிலும், அழுத்தமான நிறமுள்ள எண்ணெய்களும் ஏற்றிய கறை. அதுக்கு பிளீச் வேண்டாம், ஊதா ஷாம்பூவும் கடைசியாக ஊற்ற ஒரு வாளி நல்ல தண்ணீரும் போதும். கால்வாசிதான் நரை என்பவர்களோ பிளீச்சுக்கு முன்னால், கழுவினால் போய்விடும் வெள்ளி நிற ஹேர் வேக்ஸைத் தடவி ரெண்டு நாள் நடமாடிப் பார்க்கலாம். கேள்விகள் எப்படி வருகின்றன என்பதற்கும் அது ஒரு டெஸ்ட்தான்.

இத்தனையும் செய்து அழகாகவே வந்துவிட்டது என்று வையுங்கள். அப்புறம்? முடி வளரும். கறுப்பு டைக்கு வேரில் வெள்ளை எட்டிப்பார்க்கும், வெள்ளை ஹைலைட்டுக்கு வேரில் கறுப்பு எட்டிப்பார்க்கும். குட்டை முடியை ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டுகிறவருக்கு, மூணு நாலு மாதத்தில் வெளுத்த பகுதி மொத்தமும் சலூன் தரையில் கிடக்கும். பழைய டை போவதற்கான பாலமாக ஒருமுறை போட்டுக்கொண்டால் சரி. மாசா மாசம் தொடர்ந்தால், ஒரு கிண்ணத்திலிருந்து தப்பித்து இன்னொரு கிண்ணத்தில் விழுந்த கதைதான். டை கம்பெனிக்கு இரண்டும் ஒன்றுதான், அதே அலமாரியில் பிளீச் பவுடரையும் அவர்களே விற்கிறார்கள்.

பிடிச்சுப்போய்ப் பண்ணுகிறவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. மூக்குத்தி மாதிரி, நெயில் பாலிஷ் மாதிரி அதுவும் ஒரு ஆசை. 'நரையோட போனா என்ன நினைப்பாங்க' என்ற பயத்துக்காகப் போடுகிறவர்களுக்குத்தான் இத்தனை பத்திகளும்.

போட்டு முடித்தவர்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. முதல் இரண்டு வாரம் சீயக்காயும் சூடான தண்ணீரும் வேண்டாம், கண்டிஷனரைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள். ஊதா ஷாம்பூவை வாரம் ஒருமுறைக்கு மேல் தொடாதீர்கள், இரண்டு மூன்று நிமிஷத்தில் அலசிவிடுங்கள். ஊறட்டும் என்று விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போனால், வெள்ளைக் கீற்றெல்லாம் கத்திரிப்பூ கலரில் வந்து நிற்கும்.